பாகத்தில் சேராதது

ஜன்னல் ஓரம் வேண்டாம் அய்யா, வெயில் நேராக அடிக்கும். நான் அந்தப் பக்கம் நகர்ந்துகொள்கிறேன், நீங்கள் இப்படி உட்காருங்கள். இன்றைக்குத்தான் கட்டு அவிழ்த்தார்களா? கறுப்புக் கண்ணாடியைப் பார்த்ததுமே நினைத்தேன். நானும் அதே ஆஸ்பத்திரியிலிருந்துதான் வருகிறேன். நோயாளி நான் இல்லை. என் அண்ணன்.

நீங்கள் ராமநாதபுரமா? நான் பரமக்குடி. இது எல்லா ஊருக்குள்ளும் புகுந்து வருகிற பஸ். பேசிக்கொண்டே போகலாம்.

அண்ணனுக்கு இடது கண். உங்களுக்குப் போல புரை இல்லை. வெல்டிங் கசடு. இரும்பையும் இரும்பையும் ஒட்டவைத்தால் அந்தத் தையலின் மேல் கறுப்பாக ஓடு மாதிரி ஒன்று படியும். அதைச் சின்னச் சுத்தியலால் தட்டித்தான் எடுக்கவேண்டும். தட்டும்போது சூட்டோடு தெறிக்கும். அதில் ஒரு துணுக்கு கருவிழியில் போய் உட்கார்ந்துவிட்டது. பிறகு புண்ணாகி, சீழ் வைத்து, இப்போது விழி நடுவில் வெள்ளையாக இருக்கிறது. பார்வை எவ்வளவு திரும்பும் என்று சொல்வதற்கில்லையாம். முதலில் புண் ஆறட்டும், பிறகு வேண்டுமானால் தானமாக வருகிற கருவிழியை வைத்துப் பார்க்கலாம் என்கிறார்கள்.

முகத்துக்கு ஒரு மறைப்பு இருந்திருந்தால் ஒன்றுமே ஆகியிருக்காது. இல்லாமல் இல்லை. இருந்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

என் பெயர் சேது. அண்ணன் தனுஷ்கோடி. ராமேஸ்வரத்தில் வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள், அதனால் அப்பா இப்படிப் பெயர் வைத்தார். வீட்டுக் கொல்லையில் தகரக் கொட்டகை போட்டு, கிரில், கேட்டு செய்கிற பட்டறை நடத்தினார். அவருக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர். அண்ணன் வெல்டிங் பிடிப்பார். நான் அளந்து அறுத்து, கிரைண்டர் போட்டு வழுவழுப்பாக்கிக் கொடுப்பேன். நடுவில் கொஞ்ச வருஷம் சிங்கப்பூர் போனேன். கப்பல் கட்டுகிற இடம். அங்கே தலைக்கு ஹெல்மெட், காலுக்கு பூட்ஸ், கண்ணுக்குக் கண்ணாடி இல்லாமல் ஒரு ஆள் வாசலைத் தாண்ட முடியாது. போன புதிதில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, கண்ணாடி போடாத ஆளைப் பார்த்தால் எனக்கே கூசும். வேட்டி கட்டாத ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி.

ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் சென்ட்டும் டிவியும் கொண்டுவந்தார்கள். நான் ஒரு பெட்டி நிறையத் தோல் கையுறை, தோல் ஏப்ரன், பூட்ஸ், கண்ணாடி. என் பெண்டாட்டி வள்ளிக்கண்ணு பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல எதை நான் கழுத்துல போட்டுக்கிறது?" என்று கேட்டாள்.

அந்தப் பெட்டியில் ஒரு ஹெல்மெட் இருந்தது அய்யா. வெல்டிங் ஹெல்மெட். தலையில் மாட்டினால் முகம் முழுக்க மறைக்கும். சாதாரணமாக அதன் கண்ணாடி வழியே எல்லாம் தெரியும். நெருப்பு பற்றின நிமிஷம் அதுவாகவே இருண்டுவிடும். அணைந்தால் மறுபடி தெளிவாகிவிடும். ஆகவே கழற்றவே வேண்டாம். கசடு தட்டும்போதும் முகத்தில்தான் இருக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டும்போதும் முகத்தில்தான் இருக்கும்.

அண்ணன் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு கையில் கறுப்புக் கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையில் வேலை செய்தே பழகினவர். பாதி நேரம் அதுவும் கிடையாது, கண்ணை மூடிக்கொண்டு ஒரு பொட்டு நெருப்பு வைப்பார். "வீட்டுக் கொல்லையில பூட்ஸ் போட்டுக்கிட்டு நின்னா கோழிகூட சிரிக்கும்டா" என்பார். நான் விடவில்லை. சிங்கப்பூரில் தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி, இன்றைக்கு எந்த வேலையில் என்ன ஆபத்து என்று பேசுவார்கள். கொல்லையில் நானும் அதைத் தொடங்கினேன். வரிசையில் அண்ணன் ஒருத்தர்தான். பாத்திரம் கழுவிக்கொண்டு மதினி.

"சொல்லுங்கண்ணே, இன்னைக்கு என்ன ஆபத்து?" என்று கேட்பேன்.

"நீதான்டா" என்பார்.

மதினி பாத்திரத்தைப் போட்டுவிட்டுச் சிரிப்பார். என்னை "சேஃப்டி துரை" என்றுதான் கூப்பிடுவார்கள். சிரிக்கட்டும் என்று விட்டேன். ஆனால் ஹெல்மெட் அண்ணனுக்குப் பிடித்துப்போனது. ஒரு நாள் சாப்பிடும்போது சொன்னார்: "சேது, இப்பல்லாம் சாயங்காலமானா கண்ணு எரியலடா." அவ்வளவுதான் சொன்னார். அதற்குப் பிறகு அதை யாரும் தொட விடமாட்டார். வேலை முடிந்ததும் பழைய வேட்டித் துணியால் துடைத்து, தனியாக ஒரு ஆணியில் மாட்டுவார். கைப்பிடிச் சட்டத்தைத் தூக்கிப் பழைய இரும்போடு போட்டுவிட்டார். அது என்னால் நடந்தது. இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவேண்டும்.

பிறகு பூட்டு.

சிங்கப்பூரில் ஒரு மெஷினுக்குள் இறங்கிப் பழுது பார்க்கிறவன், மெயின் சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போடுவான். சாவி அவன் பையில். அவன் வெளியே வந்து திறக்கிற வரைக்கும் முதலாளியே வந்தாலும் அந்தச் சுவிட்சைத் தொடமுடியாது. அருமையான ஏற்பாடு. அதைக் கொல்லைக்குக் கொண்டுவந்தேன். நம் ஆட்களுக்குத் தகுந்தபடி கொஞ்சம் மாற்றிக்கொண்டேன். அண்ணன் கைலியோடு வந்தால் பூட்டு. செருப்போடு வந்தால் பூட்டு. போய் மாற்றிக்கொண்டு வந்தால் திறப்பேன். நான் வெளியே போனாலும் பூட்டு, ஏனென்றால் தனியாக யாரும் வேலை செய்யக்கூடாது. சாவி என் அரைஞாண் கயிற்றில். அண்ணன் என்னைவிட நிறைய வயது மூத்தவர், என்னைத் தூக்கி வளர்த்தவர். அது வேறு விஷயம். பாதுகாப்பு என்று வந்துவிட்டால் மூத்தவர், இளையவர் என்று பார்க்க முடியுமா?

இந்த மாசியில் பக்கத்து ஊர் அம்மன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். சன்னிதிக்குக் கம்பிக் கதவு எங்கள் வேலை. அன்றைக்கு நான் கமுதியில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். வழக்கம்போலப் பூட்டிவிட்டுத்தான் போனேன். பந்தியில் உட்கார்ந்திருக்கிறேன், அண்ணன் போன் செய்கிறார்.

"சேது, தாழ்ப்பாள் மட்டும் ஒட்டணும், ஆளுங்க டிராக்டரோட வந்து நிக்கிறாங்க. சாவி எங்கடா?"

"என்கிட்டத்தான் இருக்கு. சாப்பிட்டுட்டு வந்து திறக்கிறேன்."

"நல்ல நேரத்துக்குள்ள கதவு அங்க போகணுங்கிறாங்க."

"அண்ணே, அவசரப்பட்டுத்தான் எல்லா விபத்தும் நடக்குது. பேசாம ஒரு இடத்துல உக்காருங்க."

இதுதான் நான் சொன்னது. இதில் என்ன தப்பு? போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தது எனக்கு எப்படித் தெரியும்? கோயில்காரர்களில் ஒருத்தர், "அதான் தம்பி உக்காரச் சொல்லிட்டாருல்ல, உக்காருங்க தனுஷ்கோடி" என்றாராம். எல்லாரும் சிரித்தார்களாம். நான் வந்து பார்க்கும்போது டிராக்டர் போய்விட்டது. பூட்டு இரண்டு துண்டாகக் கிடந்தது, பக்கத்திலேயே சம்மட்டி. அண்ணன் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"பிரிச்சுக்குவோம்டா" என்றார். கோபமாகக்கூட இல்லை. இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்று என்கிற மாதிரி.

தாய்மாமா வந்தார் பாகம் பிரிக்க. எங்கள் பக்கம் வழக்கம் ஒன்று உண்டு. மூத்தவர் பாகத்தைப் பிரித்து வைப்பார், இளையவர் முதலில் எடுத்துக்கொள்வார். அப்போதுதான் பிரிக்கிற கை கோணாது. அண்ணன் கொல்லையில் சாமான்களை இரண்டு குவியலாக வைத்தார். ஒன்றில் வெல்டிங் செட்டும் அதன் வயரும் மேஜையும். இன்னொன்றில் கட்டிங் மெஷின், கிரைண்டர், டிரில், வைஸ். சரியான பாகம். நான் குறையே சொல்லமாட்டேன். நான் மெஷின் குவியலை எடுத்துக்கொண்டேன். ஏன் தெரியுமா? வெல்டிங்கை நான் எடுத்தால் அவர் என்ன செய்வார்? அவர் கை வெல்டிங் கை. விட்டுக்கொடுத்தேன். இதை யாரும் பேசுவதில்லை.

ஆனால் அவர் வெல்டிங் குவியலின் மேல் ஹெல்மெட்டை வைத்திருந்தார். கையுறை, ஏப்ரன் எல்லாம். அவர் வேண்டுமென்று செய்ததாக நான் சொல்லவில்லை. அது எப்போதும் அங்கே இருக்கும், அதனால் அங்கே வைத்திருக்கிறார். நான் சொன்னேன், "அது பாகத்துல சேராது மாமா. பாகம் அப்பா சொத்துக்குத்தான். இது நான் சம்பாதிச்சது."

மாமா சொன்னார், "சேது, அவன் நெருப்புல நிக்கிறவன்டா."

"நியாயம்னா எல்லாத்துக்கும் நியாயம் மாமா. இது என் ஹெல்மெட்."

நியாயப்படி நான் சொன்னது சரி. அண்ணன் ஹெல்மெட்டை எடுத்தார். உள்ளே நெற்றியில் படுகிற பட்டை இருக்கிறதல்லவா, அது வேர்வையில் கறுத்திருக்கும். தோளில் கிடந்த துண்டால் அந்தப் பட்டையைத் துடைத்தார். நிதானமாகத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்துக் கொடுப்பார்களே, அப்படி. நான் ஒரு கையால் வாங்கினேன். இன்னொரு கையில் டிரில் இருந்தது.

வீட்டையும் இரண்டாக்கி, கொல்லையின் நடுவே தகரம் அடித்துப் பிரித்துக்கொண்டோம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவருக்கு அறுக்க மெஷின் இல்லை, எனக்கு ஒட்ட செட் இல்லை. அவர் ரம்பத்தால் அறுத்துக்கொண்டார். நான் மற்ற பட்டறைகளுக்கு அறுத்துக் கொடுத்து வண்டியை ஓட்டினேன். ஹெல்மெட்டை என் பக்கம் ஆணி அடித்து மாட்டினேன். சும்மா தொங்குகிறது என்று யாரும் சொல்லிவிடக்கூடாது என்பதற்காக, கிரைண்டர் போடும்போது அதை மாட்டிக்கொள்வேன். கிரைண்டருக்கு அது தேவையே இல்லை, கனம் வேறு, கழுத்து வலிக்கும். தகரம் முடிகிற ஓரத்தில், அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில்தான் நான் நின்று வேலை செய்வேன். வேறு இடம் இல்லை.

தகரத்துக்கு மேலே வெளிச்சம் தெரியும் அய்யா. வேலை தெரிந்தவனுக்கு அந்த வெளிச்சத்தைப் பார்த்தாலே போதும். நீளமாக எரிந்தால், கண்ணாடி வழியாகப் பார்த்து இழுக்கிறார் என்று அர்த்தம். பட், பட் என்று விட்டு விட்டு எரிந்தால் வெறுங்கண்ணை மூடிக்கொண்டு பொட்டு வைக்கிறார். சாயங்காலம் நான் டீ குடித்துக்கொண்டு பார்ப்பேன். பட், பட், பட். ரோட்டோரத்தில் வாங்கின ஒரு கூலிங் கிளாஸ் வைத்திருந்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அது வெயிலுக்கே காணாது.

வள்ளிக்கண்ணு சொன்னாள், "அதைக் குடுத்துடுங்க."

"கேக்கட்டும், குடுக்கிறேன்."

"அவரு வந்து கேட்டாத்தான் உங்களுக்கு வயிறு நிறையுமா?"

"ஒரு வார்த்தை கேக்குறதுல என்ன குறைஞ்சு போகுது?"

"ஒரு வார்த்தை குடுக்குறதுல?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். பெண்களுக்கு இந்த விஷயங்கள் புரியாது. தூக்கிக்கொண்டு போய் நீட்டியிருந்தால், பூட்டு போட்டதும் தப்பு, பாகத்தில் சேராது என்றதும் தப்பு என்று ஆகியிருக்கும். தப்பு இல்லாததை எப்படித் தப்பு என்று ஒப்புக்கொள்வது? ஒரு நாள் எடுத்துக்கொண்டு தகரம் வரைக்கும் போனேன். இல்லையென்று சொல்லமாட்டேன். அந்தப் பக்கம் அண்ணன் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நன்றாகத்தானே இருக்கிறார் என்று திரும்பிவிட்டேன்.

அப்புறம் ஒரு காலையில் மதினி வேகமாக என் வாசலைத் தாண்டிப் போனார். கையில் பாலாடை. குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடை. அந்த வீட்டில் கைக்குழந்தை கிடையாது. அடுத்த தெருவில் பிள்ளை பெற்ற பெண் ஒன்று இருந்தது. எனக்கு உடனே தெரிந்துவிட்டது. வெல்டிங் வெளிச்சம் அடித்துக் கண் எரிந்தால் தாய்ப்பால் விடுவது எங்கள் பக்கம் உள்ள வைத்தியம். அப்பாவுக்குக்கூட விட்டிருக்கிறார்கள். சிங்கப்பூரில் அதெல்லாம் கூடாது என்று படம் போட்டே சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். கண்ணில் எது பட்டாலும் சுத்தமான தண்ணீரில் கழுவு, நேரே டாக்டரிடம் போ, வேறு எதையும் விடாதே. எனக்கு அது மனப்பாடம்.

சொல்லியிருக்கலாமே என்கிறீர்களா? என்னைக் கேட்டால் சொல்லியிருப்பேன். வாசலில்தான் நின்றுகொண்டிருந்தேன். மதினி திரும்பிப் பார்க்கவில்லை. வெளிச்சம் அடித்த எரிச்சலாகத்தான் இருக்கும், இரண்டு நாளில் போய்விடும் என்று நினைத்தேன். கசடு உள்ளே இருந்தது எனக்கு எப்படித் தெரியும்? மறுநாளும் பாலாடை போனது. அதற்கு மறுநாளும் போனது. தகரத்துக்கு மேலே வெளிச்சம் நின்றுவிட்டது. நின்றுவிட்டது என்று எனக்குத் தெரியும். டீ குடித்துக்கொண்டு பார்த்தேன்.

கடைசியில் கண் திறக்கமுடியாமல் வீங்கி, மதினியின் தம்பி வந்து மதுரைக்குக் கூட்டிக்கொண்டு போனான். கொஞ்சம் முன்னாலேயே வந்திருந்தால் துணுக்கை எடுத்து மருந்து விட்டு அனுப்பியிருப்போம் என்றார்களாம். வள்ளிக்கண்ணு இதைச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் அரிசி களைந்தாள். இன்றைக்குக் காலையில், "நீங்க போகலன்னா நான் போறேன்" என்றாள். வந்தேன்.

கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஓட்டை ஓட்டையாக இருக்கிற ஒரு பிளாஸ்டிக் மூடியைக் கண்ணின் மேல் ஒட்டியிருந்தார்கள். தலையைத் திருப்பி, நல்ல கண்ணால் என்னைத் தேடிப் பிடித்தார்.

"வந்தியா? சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன்."

"பஸ்ஸுல கூட்டமா?"

"இல்லை."

இவ்வளவுதான் பேசினோம். நான் வாங்கிக்கொண்டு போன ரொட்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தேன். மதினி வாங்கிக்கொள்ளவில்லை. கோபம் என்று சொல்லமுடியாது. மணிக்கொரு தரம் சொட்டு மருந்து விடவேண்டும், அந்த வேலையில் இருந்தார். ராவும் பகலும் விடவேண்டுமாம். மதினி தூங்கியே பல நாள் ஆகியிருக்கும் போலிருந்தது. இமையைத் திறந்து பிடித்து விட்ட சொட்டு குறி தப்பிக் கன்னத்தில் வழிந்தது. "தம்பி, நீங்க ஒரு நாள் இருந்து விடுறீங்களா?" என்று கேட்டார். என் கை கிரைண்டர் பிடித்துக் காய்த்த கை, நகத்தில் எல்லாம் இரும்புத் தூள், கண்ணில் படக்கூடாது என்று சொன்னேன். அது உண்மைதான். இதோ பாருங்கள் கையை.

அப்போதுதான் பெரிய டாக்டர் வந்தார். கூடவே படிக்கிற பிள்ளைகள் ஒரு கூட்டம், பெரும்பாலும் பெண்கள். கட்டிலைச் சுற்றி நின்றார்கள்.

"என்ன வேலை பாக்குறீங்க?" என்று அண்ணனைக் கேட்டார்.

"வெல்டிங் டாக்டர். வீட்டுலயே பட்டறை."

"கண்ணுக்கு எதுவும் போடுறது இல்லியா?"

அண்ணன் சொன்னார். அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஒரு வார்த்தை கூட்டவில்லை. "எல்லாம் இருந்துச்சு டாக்டர். என் தம்பி சிங்கப்பூர்லேர்ந்து கொண்டாந்து குடுத்தான். இந்தா நிக்கிறானே, இவன்தான். முகம் பூரா மூடுற மாதிரி நல்ல சாமான். நாந்தான் சோம்பல்பட்டுப் போடாம விட்டுட்டேன்."

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நீங்களாவது எடுத்துச் சொல்லக்கூடாதா?"

"சொல்லாத நாளில்ல டாக்டர்" என்றேன்.

பொய் இல்லையே? நான் சொல்லாத நாளா?

டாக்டர் அந்தப் பிள்ளைகளைப் பார்த்தார். "கவனிச்சுக்கங்க. சாமான் இல்லாம இல்ல. வீட்டுலயே இருந்திருக்கு, சொல்றதுக்கு ஆளும் இருந்திருக்கு. போடுற மனசு இல்ல. நம்ம ஆளுங்ககிட்ட நீங்க சண்டை போட வேண்டியது இதோடதான்." பிள்ளைகள் எல்லாம் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். ஏன் ஆட்டினேன் என்று தெரியவில்லை. எல்லாரும் ஆட்டினார்கள். மதினி கையில் மருந்துப் புட்டியோடு என்னைப் பார்த்தார்.

கூட்டம் அடுத்த கட்டிலுக்குப் போனதும் அண்ணன் மெதுவாகச் சொன்னார், "நீ கிளம்புடா, வெயில் ஏறிடும். பள்ளிக்கூடத்துக் கேட்டு பாதியில நிக்குது. செட்டு என் பக்கம் இருக்கு, போயி எடுத்துக்க. முடிச்சுக் குடுத்துடு. வெறுங்கண்ணோட பிடிக்காத. உன் ஹெல்மெட்டைப் போட்டுக்க."

குத்திக்காட்டவில்லை அய்யா. அவருக்கு அது வராது. நிஜமாகவே சொன்னார்.

அவர் வாயாலேயே சொல்லிவிட்டார் அல்லவா? டாக்டர் முன்னால், அத்தனை பேர் முன்னால். நான் கேட்டுக்கொள்ளவில்லை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை. தப்பு தன்னுடையது என்று அவரே ஒப்புக்கொண்ட பிறகு எனக்கு என்ன இருக்கிறது? நிம்மதியாகத்தான் வரவேண்டும். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ வாங்கினேன். இரண்டு வாய்க்கு மேல் இறங்கவில்லை. டீ சரியில்லை.

இது எந்த ஊர், திருப்பாச்சேத்தி தாண்டிவிட்டதா? அடுத்தது மானாமதுரை.

அங்கே, சிங்கப்பூரில், ஒரு தடவை இப்படி நடந்தது. பங்களாதேஷ் பையன் ஒருத்தனுக்கு கிரைண்டர் சக்கரம் உடைந்து தாடை கிழிந்துவிட்டது. கட்டுப் போட்டு உட்காரவைத்து, எப்படி நடந்தது என்று கேட்டால், என் கவனக்குறைவு சார், என் தப்பு சார் என்கிறான். சரி, முடிந்தது என்று எல்லாரும் எழுந்துவிட்டோம். சேஃப்டி ஆபீசர் ஒரு சீனக் கிழவர், அவர் மட்டும் எழவில்லை. அடிபட்டவன் தன் தப்பு என்று சொன்னால் அதைக் கணக்கில் சேர்க்காதே என்றார். அவன் யாரையோ நினைத்துக்கொண்டு சொல்கிறான், யாரை என்று கண்டுபிடி என்றார். கடைசியில் பார்த்தால், வேலை சீக்கிரம் முடியட்டும் என்று சக்கரத்து மூடியைக் கழற்றச் சொன்னது எங்கள் மேஸ்திரி. அவன் தமிழ் ஆள். வரிசையில் நின்று எங்களோடு சேர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தான். காரணம் தப்பாகப் போனால் அதே விபத்து மறுபடி நடக்கும் என்று அந்தக் கிழவர் சொல்வார். அதில் ரொம்பக் கண்டிப்பு.

அதுதான் உறுத்துகிறது. வேறொன்றும் இல்லை. அந்தப் பிள்ளைகள் நாளைக்கு டாக்டராகப் போகிறவர்கள். சாமான் வீட்டில் இருந்தது, போட மனசில்லை என்று மனசில் பதிந்துகொண்டு போயிருக்கிறார்கள். அது தப்பான காரணம். சாமான் அந்த வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டில் இருந்தது, தகரத்துக்கு இந்தப் பக்கம், ஆணியில். போட மனசில்லாத ஆள் அவர் இல்லை. போட்டுப் பழகின ஆள். பழக்கினவனே பிடுங்கிக்கொண்டான். காரணத்தைச் சரியாகச் சொல்லவேண்டும் என்றால் இப்படித்தான் சொல்லவேண்டும். நான் சேஃப்டி படித்தவன், தப்பான காரணம் போவதை எப்படி விட்டுவிடுவது?

மானாமதுரை வந்துவிட்டது போலிருக்கிறது. கண்டக்டர், கொஞ்சம் நிறுத்துங்கள். டிக்கெட் பரமக்குடி வரைக்கும் எடுத்தது, பரவாயில்லை, இங்கேயே இறங்கிக்கொள்கிறேன்.

சாயங்காலமும் அந்த டாக்டர் ஒரு சுற்று வருவார் என்று மதினி சொன்னார். இப்போது மதுரை பஸ் கிடைத்தால் பிடித்துவிடலாம். அந்தப் பிள்ளைகளும் கூட வருமா என்று தெரியவில்லை. எல்லாரையும் ஒரே இடத்தில் பிடித்தால்தான் நல்லது.

என்ன கேட்டீர்கள்? அண்ணனிடம் என்ன சொல்வேன் என்றா? அண்ணனிடம் சொல்ல என்ன இருக்கிறது? அவருக்குத் தெரியாதது ஒன்றும் இல்லையே. டாக்டரிடம் சொன்னால் போதாதா?

கையைச் சோப்புப் போட்டு நன்றாகத் தேய்த்தால் இரும்புத் தூள் போய்விடும். நகத்தையும் வெட்டிக்கொள்ளலாம். மதினி இன்றைக்கு ஒரு நாளாவது தூங்கட்டும். மணிக்கொரு தரம் நான் விடுகிறேன். இமையை ஒரு விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டு சொட்டு விடவேண்டும், அவ்வளவுதான். ஆனால் அப்போது அண்ணன் முகத்துக்கு நேரே குனிந்தாகவேண்டும் அய்யா. அந்த இன்னொரு கண் திறந்துதான் இருக்கும்.